நூற்றுப் பதினேழில் கொன்றது யார்?

புத்தகத்தை வாடகைக்கு விடும் தொழிலில், புத்தகம் கையை விட்டுப் போன நிமிஷத்திலிருந்து உலகத்தில் எல்லோர் மேலும் சந்தேகம் வந்துவிடும். ஒரே ஒரு புத்தகத்தையாவது இரவல் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நானோ அறுபதுகளில் சிவகாசி, திருத்தங்கல், நாரணாபுரம் என்று சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு முந்நூறு துப்பறியும் நாவல்களை இரவல் கொடுத்தவன். என் கஷ்டத்தை உங்களைவிட யார் கேட்கப் போகிறார்கள்?

சீட்டு

என் புத்தகங்களில் பாதிக்கு மேல் அட்டை கிடையாது. காரணம், அவை கடையில் வாங்கியவை அல்ல. வெடிக்குக் குழாய் சுற்றுவதற்காகப் பட்டணத்திலிருந்து பழைய பேப்பர் கட்டுக் கட்டாக லாரியில் வரும். அதில் பரீட்சைப் பேப்பரும் பழைய நோட்டும் போக, அங்கங்கே ஒரு மர்ம நாவலும் அகப்படும். பேப்பர் குடோன்காரர் எனக்கு வேண்டியவர். கட்டைப் பிரித்ததும் நான் போய்ப் பொறுக்கிக்கொள்வேன். வெடியாகப் போக வேண்டியவற்றை வழியில் மறித்து, தைத்து, காக்கி அட்டை போட்டு, மேலே நம்பர் எழுதிவிடுவேன். பெயர் இல்லாததால் எங்கள் ஊர்ப்பக்கம் நாவல்களுக்கு நம்பர்தான். "நாற்பத்திரண்டு வந்துருச்சா?" என்று கேட்டால் மாடி பங்களாவில் நடக்கும் முத்துமாலைத் திருட்டு என்று அர்த்தம்.

பெயரும் அட்டைப்படமும் இல்லாத புத்தகத்தை யார் எடுப்பார்கள்? அதனால் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி, நாலு வரி விமர்சனம் எழுதுவேன். எத்தனை கொலை, பயம் எப்படி, நடுவில் தொய்வு உண்டா, பெண்கள் படிக்கலாமா என்று எல்லாம் இருக்கும். இந்த விமர்சனத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. லேபிள் அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோர்க்கும் ஒருவர் வாராவாரம் புத்தகம் எடுத்து, மறுநாளே திருப்பித் தந்துவிடுவார். இவ்வளவு வேகமாகப் படிக்கிறாரே என்று ஒருநாள் வாயாரப் புகழ்ந்தேன். அவர் சொன்னார்: "புஸ்தகம் படிக்க எங்க அண்ணாச்சி நேரம்? நான் சீட்டை மட்டுந்தான் படிக்கேன். அடுத்த சீட்டு எதுவும் புதுசா இருக்கா?"

ஏமாந்துபோகத் தெரிந்தவர்

துப்பறியும் நாவலைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் பேசுவார்கள். "கொலைகாரன் யாருன்னு மூணாவது அத்தியாயத்துலயே கண்டுபிடிச்சுட்டேன்." நானும் அப்படியா என்று தலையாட்டுவேன். மூணாவது அத்தியாயத்தில் கொலையே நடந்திருக்காது.

இப்படிச் சொல்லாத ஒரே ஆள் முத்தையா. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. சாப்பாட்டு மணி அடித்ததும் தூக்குச்சட்டியோடு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கையைத் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவார். உதடு அசைய, எழுத்துக் கூட்டி, ஒரு வரி விடாமல் படிப்பார். ஒருமுறைகூட அவர் சந்தேகப்பட்ட ஆள் குற்றவாளியாக இருந்ததில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. புத்தகத்தை நீட்டும்போது முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்வார்: "இந்தத் தடவையும் நல்லா ஏமாந்துட்டேன் அண்ணாச்சி. படுபாவி, எம்புட்டு நல்லவனா நடிச்சிருக்கான்!"

முதல் பக்கத்துப் பாவி

இந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட ஒருவர் கிளம்பினார். திரும்பி வரும் புத்தகங்களின் முதல் பக்கத்தில், பென்சிலில், அச்சடித்த மாதிரி எழுத்தில், 'கொன்றது சமையல்காரன்' என்று எழுதியிருக்கும். அழித்தால் தடம் தெரியும். பக்கத்தைக் கிழித்தால் கதையின் தொடக்கம் போய்விடும். யார் எழுதுகிறார்கள் என்று மூன்று ஊரிலும் விசாரித்தேன். வாடிக்கையாளர்களின் கையெழுத்தை எல்லாம் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். பிடிபடவில்லை. அத்தனை துப்பறியும் நாவல்களைப் படித்தும் எனக்கு வந்த துப்பு அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். அதே பென்சில், அதே மாதிரி எழுத்து. எழுதியிருக்கும் பெயருக்கு மேலும் கீழுமாக இன்னும் மூன்று பெயர்களை நானே எழுதிவிட்டேன். எது நிஜம், எது பொய் என்று படிப்பவனுக்குத் தெரியாது. அந்தப் பாவியின் எழுத்தை நான் அச்சு அசலாகக் கொண்டுவந்ததில் எனக்கே பெருமை தாங்கவில்லை. ஐம்பது, அறுபது புத்தகங்களில் இப்படிச் செய்தேன். முத்தையா மட்டும் தலையைச் சொறிந்தார்: "முன்னெல்லாம் ஒருத்தனைச் சந்தேகப்பட்டாப் போதும். இப்ப நாலு பேரையும் கூட்டிக்கிட்டுல்ல கதை முழுக்க நடக்க வேண்டியிருக்கு!"

டாக்டர் மேல் சந்தேகம்

அந்த வருஷம் தீபாவளி சீசனில், ஒரு முற்பகலில், கம்பெனியில் முத்தையா இருந்த அறையில் மருந்து பொசுங்கி முகத்தில் அடித்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். கண்ணைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். எனக்கு இரண்டு நாள் சைக்கிளை எடுக்கவே கை வரவில்லை. அவர் கண்ணை நம்பித்தான் நான் அத்தனை சீட்டும் எழுதினேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பார்க்கப் போனபோது அவர் முதலில் கேட்டது நூற்றுப் பதினேழைப் பற்றி. பாதி படித்திருக்கும்போதுதான் விபத்து. ஒரு மிராசுதார் பூட்டிய அறைக்குள் விஷம் குடித்துச் செத்துக் கிடக்கும் கதை அது. வீட்டில் கிடந்த புத்தகத்தை அவர் மனைவி பொன்னுத்தாய் எடுத்துவந்து கொடுக்க, ரோஸ்லின் என்கிற பயிற்சி நர்ஸ் தன் ஓய்வு நேரத்தில் தினம் பத்துப் பக்கம் அவருக்கு வாசித்தாள். கட்டிலைச் சுற்றி மற்ற நோயாளிகளும் கூடிவிட்டார்கள். முத்தையாவுக்குக் கதையில் வரும் குடும்ப டாக்டர் மேல்தான் சந்தேகம். "டாக்டர்தாம்மா விஷம் வச்சிருக்கான்! அவன் முழியே சரியில்ல!" என்று அவர் கத்த, ரோஸ்லின் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினாள்: "மெதுவாப் பேசுங்கண்ணே, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துக்கிட்டிருக்காரு!"

லோடு ஏறிவிட்டது

திங்கட்கிழமை ரோஸ்லின் வராந்தாவில் என்னைத் தனியாக நிறுத்தினாள். புத்தகம் நூற்று எழுபத்தாறாம் பக்கத்தோடு நின்றிருந்தது. கடைசிப் பதினாறு பக்கம், அச்சுக்காரர்கள் பாரம் என்பார்களே, அது முழுசாக இல்லை. அவரிடம் நாளைக்குப் படிக்கலாம் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள்.

எனக்கு உடனே பொறி தட்டியது. பொன்னுத்தாய் வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் குழாய் சுற்றுபவர். பழைய பேப்பரைக் கத்தரித்து, கம்பியில் சுற்றி, பசை தடவி, ஒரு நாளைக்கு இத்தனை என்று கம்பெனிக்குப் போடுவார். புத்தகம் அந்தப் பேப்பர் குவியலுக்குப் பக்கத்தில்தான் கிடந்திருக்கிறது. நான் தைத்த தையல் விட்டு, கடைசிப் பாரம் நழுவிக் குவியலோடு கலந்திருக்கிறது. புருஷனுக்கு இப்படி ஆகிவிட்ட கலக்கத்தில் அந்தம்மா எந்தப் பேப்பரைத்தான் பார்த்துச் சுற்றியிருப்பார்? எங்கிருந்து மீட்டேனோ அங்கேயே திரும்பிப் போய்விட்டது. விஷயத்தைச் சொன்னதும் பொன்னுத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்: "ஐயையோ அண்ணாச்சி, கொலைகாரன் ஒத்தை வெடிக்குள்ள போயிட்டானா? நேத்தே நாக்பூருக்கு லோடு ஏத்தியாச்சே!"

முடிவு பிரமாதம்

இப்போது நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நூற்றுப் பதினேழை நான் முடிவு வரை படிக்கவில்லை. பாதியில் இருக்கும்போதே இதே ஆஸ்பத்திரியின் நர்ஸுகள் விடுதியில் கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டேன். திரும்பி வந்தபோது முதல் பக்கத்தில் அந்தப் பாவி பெயர் எழுதியிருந்தார். முடிவு தெரிந்தபின் மீதியை எதற்குப் படிப்பது என்று, வழக்கம்போல மூன்று பொய்ப் பெயர்களைச் சேர்த்து எழுதி மூடிவைத்துவிட்டேன். சீட்டில் மட்டும் 'கடைசிப் பக்கம் வரை கண்டுபிடிக்க முடியாது' என்று தைரியமாக எழுதியிருந்தேன். அது பலித்துவிட்டது. இப்போது முதல் பக்கத்தைத் திறந்தால் டாக்டர், தம்பி, கணக்குப்பிள்ளை, சமையல்காரன் என்று நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள். இதில் நிஜம் ஒன்று, என்னுடையது மூன்று. ஐம்பது, அறுபது புத்தகத்தில் இதையே எழுதியதில், அன்றைக்குப் பார்த்த நிஜப் பெயர் மறந்துபோய், எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நன்றாக எழுதித் தொலைத்திருக்கிறேன்.

ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என்னிடம் பொய் சொல்லாத ஒரே வாசகனிடம் போய் அதைச் செய்ய மனசு வரவில்லை. பேரேட்டைப் புரட்டினேன். அந்தப் புத்தகத்தை எடுத்த விடுதிப் பிள்ளைகள் பயிற்சி முடிந்து ஊருக்குப் போய்விட்டதால், பக்கத்தில் மிச்சமிருந்தது திருத்தங்கல் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான். வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், மூச்சு வாங்கக் கேட்டேன். அவர் கண்ணை மூடி ரசித்தார்: "நூத்திப் பதினேழா? அடடா, என்ன முடிவு, என்ன முடிவு! இப்படி ஒரு முடிவை எங்கயும் படிச்சதில்ல. என்னங்கிறதுதான் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது."

வெள்ளிக்கிழமைக்கு முன்னால்

வியாழக்கிழமை முத்தையாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பாரம் போனது, என் பொய்ப் பெயர்கள், படிக்காமல் எழுதிய சீட்டு, எதையும் மறைக்கவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. கட்டுப் போட்ட முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பி, என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "எப்படியாச்சும் விசாரிச்சுச் சொல்லிப்புடுங்க அண்ணாச்சி. நாளைக்குக் கட்டை அவுத்து, உள்ள இருட்டாத்தான் இருக்குன்னா, அதுக்கப்புறம் கதை கேக்குற மனசு எனக்கு இருக்காது."

கடைசி அத்தியாயம்

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வந்தார், மேட்ரன் அம்மா வந்தார். மேட்ரன் அம்மா என்றால் அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரே சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொள்வார். முத்தையா கட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, யார் கொன்றது என்று தெரியாமல் அவிழ்க்க விடமாட்டேன் என்று அடம் பிடித்தார். அது அடமில்லை, பயம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பொன்னுத்தாய் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அது என்ன புத்தகம், கொடுங்க" என்று மேட்ரன் அம்மா கையை நீட்டினார். ரோஸ்லின் கொடுத்தாள். முதல் பக்கத்தைத் திறந்தவர் புருவத்தைச் சுருக்கினார். "இதென்ன, நாலு பேர் இருக்கு? நான் ஒண்ணுதானே எழுதினேன்?"

என் பென்சில் பாவி வெள்ளைச் சேலையில் எதிரே நின்றார். அவரும் தயங்கவில்லை. பயிற்சிப் பிள்ளைகள் காய்ச்சல் சார்ட்டுக்குள் நாவலை ஒளித்துவைத்துப் படித்ததில், நோயாளி கூப்பிட்டது காதில் விழாமல் போயிருக்கிறது. முடிவு தெரிந்துவிட்டால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்கள் என்று, விடுதிக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்து முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார். கடைசி அத்தியாயம் தவிர வேறு எதையும் அவர் படித்ததில்லை. நூற்றுப் பதினேழில் நான் போய்ச் சேராததும் அந்த அத்தியாயம்தான்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்கம்மா" என்று முத்தையா கெஞ்சினார்.

"சொல்ல மாட்டேன். நிஜப் பேருக்குக் கீழ விரலை வைக்கேன். நீங்களே படிங்க."

முத்தையா கட்டின் ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார். டாக்டர் கட்டைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். இடது கண் திறக்கவே இல்லை. வலது கண் சிவந்து, நீர் வழிந்து, மெல்லத் திறந்தது. மேட்ரன் அம்மா பக்கத்தை அந்தக் கண்ணுக்கு நேரே பிடித்தார். முத்தையாவின் உதடு அசைந்தது. வேப்பமரத்தடியில் அசையுமே, அதே மாதிரி.

"க... ணக்... கு... கணக்குப்பிள்ளை."

பொன்னுத்தாய் விம்மியது வெளி வராந்தா வரை கேட்டது. ரோஸ்லின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. முத்தையா மட்டும் அந்த ஒற்றைக் கண்ணால், கட்டுத்துணியும் கையுமாக நின்ற டாக்டரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "இந்தத் தடவையும் நல்லா ஏமாந்துட்டேன் அண்ணாச்சி. நான் கடைசி வரைக்கும் டாக்டர்னுல்ல நெனச்சேன்!"

முந்நூறு நாவல்களில் அத்தனை கொலைகாரர்களையும் கூடவே இருந்து பார்த்த நான், என் தொழிலில் நேருக்கு நேர் சந்தித்த ஒரே குற்றவாளியையும் துப்பறிந்து பிடிக்கவில்லை, அவராகத்தான் ஒப்புக்கொண்டார்.