அந்த ரயிலில் தூங்கியவர்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில் என் பக்கத்தில் எண்பது தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். காதுவரை மப்ளர் சுற்றியிருந்தார். கண் சொக்கும்போதெல்லாம் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார்.

"கொஞ்சம் தூங்குங்களேன்" என்றேன்.

"வேண்டாங்க. நான் வயித்துல இருக்கறப்ப, மலேயா எஸ்டேட்டுல இருந்த எங்கய்யனை ஜப்பான்காரன் புடிச்சுட்டுப் போயி, சண்டைக்காகச் சயாம்ல ரயில் ரோடு போட வச்சானுங்க. அங்கயே செத்துப்போனாரு. போன வருசம் மவன் என்னை அந்த ரயில்ல கூட்டிட்டுப் போனான். அழுவேன்னுதான் ஏறுனேன். சன்னல் காத்து நொம்ப சொகமா இருந்துச்சு, தூங்கிட்டேனுங்க. ஏனுங்க, அது தப்புங்களா?"

"இல்லைங்க" என்றேன் உடனே.

ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கும்வரை அவர் கிள்ளிக்கொண்டுதான் வந்தார். எந்தத் தைரியத்தில் இல்லையென்று சொன்னேன் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.