தலைகீழாய் விழுந்த நாலு பக்கம்

தர்மராசா யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு கிளார்க்காக வந்து இருபது வருடம். கலியாணம் காட்சி இல்லை, ஒரு வாடகை அறை. அவர் வேலைபார்க்கும் கந்தோரின் லேசர் பிரிண்டர் அவர் பொறுப்பு. அது தானாக இரண்டு பக்கமும் அடிக்கிற சாதி இல்லை. ஒரு பக்கத்தை அடித்துவிட்டு நிற்கும். தாள்கட்டை எடுத்து, புத்தகத் தாளைப் புரட்டுவதுபோலப் புரட்டி, மறுபடி தட்டில் வைக்கவேண்டும். சுற்றறிக்கைகளை அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு அடித்துத் தள்ளுவார். அந்தப் பெருமைதான் மனுஷனைக் கவிழ்த்தது.

2006 ஐப்பசியில் ஊரில் அம்மா போய்விட்டார். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டு. கப்பலுக்குப் பதிந்த பெயர் பதிந்தபடியே கிடந்தது. மூத்த மகன் இவர் இருக்க, தங்கச்சியின் புருஷன் கொள்ளி வைத்தான்.

எஞ்சியது ஒன்றுதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்கு, செத்தவரின் படமும் வாழ்க்கையும் உறவுகளின் பெயரும் அச்சடித்துக் கொடுப்பது அவர்கள் ஊர் வழக்கம். அதையாவது நான் செய்வேன் என்று நின்றார். பதுளையில் யார் வரப்போகிறார்கள்? யோசிக்கப் பயந்தார், பாவம்.

முப்பதாம் நாள் சனிக்கிழமை. மேலதிகாரி ஒரு வார்த்தை அனுதாபம் சொல்லிக் கந்தோர்ப் பூட்டின் திறப்பைக் கொடுத்தார். நடுவில் மடிக்கிற ஒற்றைத் தாள், நாலு பக்கம். தானே வாங்கிவந்த தடித்த தாள் ஐம்பதிலும் அம்மாவின் முகம் வந்தது. வழக்கம்போலப் புரட்டி வைத்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒன்றை மடித்துத் திறந்தால், ஐயோ, உள்ளே அத்தனையும் தலைகீழ்! மடிக்கிற தாளைப் புரட்டுகிற விதமே வேறு. ஒன்றை அடித்துப் பார்த்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்? இனி அடிக்கத் தாளும் இல்லை, மையும் முடிந்துவிட்டது.

"இதைக்கூடச் சரியாச் செய்ய ஏலாமப் போச்சே அம்மா" என்று வாய்விட்டு அழுதார். தாள்களைக் கட்டோடு குப்பைக் கூடையில் போட்டார்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கந்தோரைப் பெருக்க வருகிறவள் இராக்கம்மா. வந்தவள் கூடைக்குள் பார்த்தாள்.

"ஐயா, இதுல ஒன்னு எடுத்துக்கவா?"

"வேண்டாம் இராக்கம்மா. உள்ளுக்கு எல்லாம் தலைகீழாப் போச்சு."

"எனக்குத்தான் எழுத்து தெரியாதுங்களே. மொகம் நேராத்தானே இருக்கு?" சேலைத் தலைப்பால் படத்தைத் துடைத்தாள். "ஐயாவோட அம்மாவா? எப்புடிங்க தவறிப் போனாங்க?"

இந்த முப்பது நாளில் யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

தர்மராசா ஒரு கதிரையை இழுத்து அவள் உட்காரப் போட்டார். தாளை விரித்து, தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, முதல் வரியிலிருந்து அவளுக்கு வாசிக்கத் தொடங்கினார்.