காலியாக இருக்க வேண்டிய சிலிண்டர்கள்

என் வீட்டுக்காரருக்கு ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் வேலை. தொழிலில் இருப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் லீக்கு. கூலிங் வரவில்லை, கேஸ் போடுங்கள் என்று யார் கூப்பிட்டாலும், "இருந்த கேஸ் எங்க போச்சுன்னு பாக்காம புதுசா போட மாட்டேன்" என்பார். பையிலிருந்து முகம் மழிக்கும் பிரஷை எடுத்து, சோப்பைக் குழைத்து, குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் நுரை பூசிவிட்டு, எங்கே குமிழி கிளம்புகிறது என்று கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பார். கல்யாணமான புதிதில் அந்தப் பிரஷ் முகத்துக்குத்தான் இருந்தது. பிறகு அது வேலைக்குப் போய்விட்டது, மனிதர் தாடியோடு திரிந்தார்.

வியர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு இதற்கெல்லாம் பொறுமை ஏது? பாதிப் பேர் அடுத்த தடவை மீசையைக் கூப்பிட்டுவிடுவார்கள். மீசை இவரோடு சேர்ந்து தொழில் கற்றவன். வால்வைத் திருகுவான், உள்ளே மிச்சம் இருப்பது உஸ்ஸென்று வெளியே போகும், புதிதாக அடைப்பான், கொடுத்த டீ ஆறுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். அவன் வீட்டில் மாடி எழும்பியது. எங்கள் வீட்டில் சிலிண்டர் எழும்பியது.

அந்தச் சிலிண்டர் கதையைத்தான் சொல்ல வந்தேன். பழைய ஏசியில் இருக்கும் வாயுவைக் காற்றில் விடக் கூடாது என்பது சட்டம். விட்டால் வானத்தில் போய் எதையோ அரிக்குமாம், ஊர் உலகத்தையே சூடாக்குமாம். அதை ஒரு மெஷின் வைத்து உறிஞ்சி, சிலிண்டரில் பிடித்து, சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். இதற்கென்று வகுப்பு நடத்தி, சாப்பாடு போட்டு, லைசென்ஸும் கொடுத்தார்கள். போனவர்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். இவர் ஒருவர்தான் நம்பிவிட்டு வந்தார்.

ஒரு வகை வாயுவில் இன்னொன்று கலந்தால் இரண்டும் குப்பையாம். அதனால் வகைக்கு ஒரு சிலிண்டர். அடையாளம் வைக்க என் நகப்பூச்சை எடுத்துக்கொண்டார்; ஒன்றுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு ரோஸ்.

"அப்போ நான் விரலுக்கு என்னத்தப் பூசிக்கிறது?"

"உன் விரலுக்கு எதுக்கு? அப்படியே நல்லாத்தான் இருக்கு" என்று வழிவார். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் இப்படி ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வதில் கெட்டிக்காரர்.

முதலில் மையத்தில் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு ஒரு நாள் போனவர் சிலிண்டரோடு திரும்பி வந்தார். எடுத்துப்போகும் லாரி வருவதில்லையாம். அடுத்த முறை போனபோது கதவில் பூட்டு. போர்டு மட்டும் பளபளவென்று இருந்தது. வேறு யாராக இருந்தாலும் வருகிற வழியிலேயே வால்வைத் திருகிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். இவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, வெயில் படாமல் அடுக்கத் தொடங்கினார். துணி காயப்போட இடம் போய், நான் ஜன்னல் கம்பிக்கு வந்துவிட்டேன்.

"எத்தன நாளைக்குங்க இந்தக் கூத்து?"

"மையம் தொறந்ததும் குடுத்துடலாம்."

"தொறக்கலேன்னா?"

"தொறக்காம இருப்பாங்களா? சட்டம் போட்டவங்களே அவங்கதானே."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது!

பக்கத்து மாடி வீட்டம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, வெடித்துவிடும் என்று புகார் கொடுத்துவிட்டார். அதிகாரி வந்தார். இவருக்கோ வாயெல்லாம் பல். சிலிண்டர்களை எடுத்துப்போகத்தான் ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கித் தராசில் வைத்து எடை காட்ட ஆரம்பித்துவிட்டார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவ்வளவு கேஸ் வீட்ல வெச்சிருக்கீங்களே, அனுமதி இருக்கா?"

"சார், இதெல்லாம் வெளிய விடாமப் புடிச்சது சார். மையம் பூட்டியே கெடக்கு."

"அது வேற பிரிவு. நான் கேக்கறது, சேமிச்சு வைக்க அனுமதி இருக்கான்னு."

இல்லை. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வேறு. அதை அதிகாரி நிறுத்திவைத்துவிட்டார். லைசென்ஸ் இல்லாதவருக்கு எந்தக் கடையிலும் வாயு தர மாட்டார்கள். வாயு இல்லாவிட்டால் வேலை இல்லை. எங்கள் அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "வெளிய விட்டவங்கள எல்லாம் விட்டுட்டு, புடிச்சு வெச்சவரப் புடிக்க வந்துட்டீங்களா?"

"வெளிய விட்ட கேஸுக்கு நெறமும் இல்ல, வாசனையும் இல்லம்மா. நான் எதைப் பாத்து எழுதறது? இது கண்ணு முன்னாடி இருக்கு."

நல்லா இருக்கு நியாயம்! ஆனால் அவரைக் கெட்டவர் என்றும் சொல்ல முடியவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "காலி சிலிண்டருக்கு அனுமதி தேவையில்ல. அடுத்த வாரம் வரேன். காலியா இருந்தா கையெழுத்துப் போட்டுடறேன்."

"கேஸ எங்க சார் விடறது?" இவர் நிஜமாகவே கேட்டார்.

"அத நான் சொல்லல. தொறந்து விடுங்கன்னு நான் சொல்லவே இல்ல."

அந்த வாரம் முழுக்க இவர் ஏறாத அலுவலகம் இல்லை. எல்லாரும் அடுத்த அறையைக் கைகாட்டினார்கள். மீசை கேள்விப்பட்டு போன் செய்தான். "எடுத்துட்டு வாடா, நான் தொறந்து விடறேன். உனக்குக் கை கூசும்" என்று சிரித்தான். இவர் போனை வைத்துவிட்டார்.

நான்தான் சொன்னேன், திறந்துவிடுங்கள் என்று. வேறு என்ன சொல்ல? வானத்துக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எங்களுக்கு அவர் ஒருவர்தான்.

மத்தியான வெயிலில் கொட்டகையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே உருட்டி வந்தார். முதல் வால்வைத் திருகியதும் உஸ்ஸென்று கிளம்பியது. அந்தச் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிப்போய் அடைப்பவர், அன்றைக்கு அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தார். அந்த வெயிலிலும் சிலிண்டர் மேல் வெள்ளையாகப் பனி படர்ந்தது. சிவப்புப் பொட்டு மறைந்தது, ரோஸ் பொட்டு மறைந்தது. அப்போதும் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, சுத்தமாகக் காலியாகிவிட்டதா என்று பார்த்துத்தான் அடுத்ததைத் திறந்தார். மாடி வீட்டம்மா எட்டிப் பார்த்து, "அப்பாடா, தொலஞ்சுதா?" என்றார்.

அதிகாரி சொன்னபடி வந்தார், சிலிண்டர்களைத் தட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். எல்லாம் விதிப்படி இருக்கிறது என்றார். போகிற போக்கில், தங்கள் ஆபீஸ் ஏசியில் கூலிங்கே இல்லை, வருஷா வருஷம் கேஸ் போட வேண்டியிருக்கிறது, நாளைக்கு வந்து பார்க்க முடியுமா என்றும் கேட்டார்.

மறுநாள் காலையில் இவர் குளித்துவிட்டு வந்தபோது எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. தாடி இல்லை. பச்சைப் பிள்ளை மாதிரி முகம். குளியலறை மாடத்தில் அந்தப் பிரஷ் நுரையோடு கிடந்தது. பையை மாட்டிக்கொண்டு அதிகாரியின் ஆபீஸுக்குக் கிளம்பினார். போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அவ்வளவு சீக்கிரம் திரும்பிவிட்டார்.

"லீக்கு எங்கன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"கேஸ் போட்டுட்டேன்" என்றார்.