காலி மாத்திரை அட்டை

முதலில் போனது பால். மறுநாள் கோதுமை. அந்த வாரம் முடிவதற்குள் தக்காளி, மிளகாய், கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, முட்டை, வேர்க்கடலை, மக்காச்சோளம், சர்க்கரை. இரண்டாவது வாரம் அரிசியையும் நிறுத்தினேன். லால்குடி பக்கம் நெல் போடுகிறவரின் மகள், ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு அரிசி ஆகாது என்று சொன்னேன். அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை.

"அப்ப நான் வயல்ல என்னத்தப் போடட்டும்? சிமெண்டா?"

அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் சிரித்தோம். கார்த்திகை மாதம் அது. சிரிக்க முடிந்தது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இரண்டு வருடமாகக் காலையில் இடுப்பும் முதுகும் பலகை மாதிரி இறுகிக் கிடக்கும். கட்டிலை விட்டு இறங்க அரை மணி நேரம் ஆகும். அதோடு வயிறு; எதைச் சாப்பிட்டாலும் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் வெளியே கிளம்புவேன். தில்லைநகரில் ஒரு மூட்டு டாக்டரம்மா காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். "உடம்போட எதிர்ப்பு சக்தி, உங்க உடம்பையே எதிரின்னு நெனச்சுக்கிட்டுத் தாக்குது. இடுப்பு, குடல்... சில பேருக்குக் கண்ணு." கண் என்றபோது பேனா முனையைத் தன் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார். தினம் இரண்டு வேளைக்குப் பெரிய மஞ்சள் மாத்திரை ஒன்றை எழுதினார். சாப்பாட்டில் எதையாவது மாற்றலாமா என்று கேட்டேன்.

"எது ஒத்துக்கலைன்னு நிறுத்திப் பாக்குறதுல தப்பில்ல. ஆனா மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. கண்ணு செவந்தா அன்னிக்கே வந்துடுங்க."

இதில் முதல் வாக்கியத்தை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

என் வேலை மென்பொருளில் பிழை பிடிப்பது. எங்கே தப்பு என்று தெரியவில்லையென்றால் ஒவ்வொரு பகுதியாக அணைத்துவிட்டுப் பார்ப்போம். எதை அணைத்ததும் கோளாறு நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி. உடம்பையும் அப்படியே பிடித்துவிடலாம் என்று ஒரு வேகம். ஆறு வாரம் சந்தேகப்பட்ட எல்லாவற்றையும் நிறுத்துவது, பிறகு மூன்று நாளைக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்ப்பது. நீளமான ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கோடு போட்டு, சாப்பிட்டது, வலி, வயிறு, தூக்கம் என்று தலைப்பு எழுதினேன். அதை அம்மாவிடம் காட்டி அரை மணி நேரம் பேசினேன்.

"பத்தியம்னு சொல்லிட்டுப் போயேன். அதுக்கு எதுக்கு இம்புட்டு இங்கிலீஷு?" என்றாள் அம்மா. மஞ்சள் காமாலைக்கு, பிள்ளை பெற்றதற்கு, அம்மை போட்டதற்கு என்று பத்தியம் சமைத்தே வளர்ந்த கை அவளுடையது. மிளகு மட்டும் போட்ட ரசம், தேங்காய் அரைத்த புடலங்காய்க் கூட்டு, பச்சைமலையிலிருந்து அப்பாவுக்குத் தெரிந்தவர் கொண்டுவந்த சாமை. எல்லாம் தனிச் சட்டியில், தனிக் கரண்டியில்.

இரண்டே வாரத்தில் அரை மணி நேரம் பத்து நிமிடமானது. நான் படியில் ஓடினேன். எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் குடலைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன்.

மூன்றாவது வாரம் ஒருநாள் வயிறு கலக்கியது. விடுவேனா? அடுப்படியில் நுழைந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்து லேபிளைப் படித்தேன். பெருங்காய டப்பாவில் பொடி எழுத்தில் இருந்தது, மைதா. இத்தனை நாளும் ரசத்தில் ஒரு சிட்டிகை கோதுமை என் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"அம்மா! பாத்தியா?"

அம்மா டப்பாவை வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்தாள். அவள் முகம் சுருங்கிப்போனது. "இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சும்..." என்றாள். எனக்கோ தலைகால் புரியாத குஷி. அதற்குப் பிறகு லேபிள் படிப்பதுதான் எனக்கு வெறி. பற்பசை, உப்பு, சத்து டானிக். அப்படியே கை மாத்திரைக்குப் போனது. அட்டையில் ஒன்றும் போடவில்லை, இணையத்தில் தேடினேன். மஞ்சள் மாத்திரையில் மருந்தோடு சேர்த்து மக்காச்சோள மாவு.

அன்று சாயங்காலம் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சோளத்தை நிறுத்தியாயிற்று. பெருங்காயத்தையே நிறுத்தியாயிற்று. இதை மட்டும் எப்படி? சுத்தமாகச் செய்தால்தானே பரிசோதனை? டாக்டரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. நோட்டில் எழுதவும் இல்லை. இரண்டு விஷயத்தை ஒரே சமயத்தில் மாற்றினால் சோதனையே செல்லாது என்று ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லித்தருகிறவள் நான்.

எங்கள் வீட்டில் மாத்திரை வாங்குவது அப்பாவின் வேலை. சீட்டு எல்லாம் கொண்டுபோக மாட்டார். காலி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் மெடிக்கல் கடையில் நீட்டுவார். அவர்களும் அதேபோல் எடுத்துக் கொடுப்பார்கள். மார்கழி பிறந்த வாரம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"காலி அட்டையக் குடும்மா. லால்குடி பஸ்ஸ விட்டு எறங்குனதும் வாங்கியாந்துடறேன்."

"இருங்கப்பா, எடுத்துட்டு வரேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பத்து மாத்திரையையும் ஒவ்வொன்றாக அழுத்தி வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம், வெள்ளித்தாள் கிழிகிற சின்னச் சத்தம். பழைய காபித்தூள் பாட்டில் ஒன்றில் போட்டு, அலமாரியில் ஸ்வெட்டருக்குப் பின்னால் தள்ளினேன். காலி அட்டையோடு வெளியே வந்தேன். அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார், சட்டைப்பையில் வைத்தார். "சமத்து" என்றார்.

மார்கழி பாதியில் இடுப்பு மறுபடி இறுகத் தொடங்கியது. பதினைந்து நிமிடம். இருபது. பனி என்றாள் அம்மா. நான் நோட்டைப் புரட்டினேன். சாமை மேல் சந்தேகம் வந்தது; நிறுத்தினேன். துவரம்பருப்பு, நிறுத்தினேன். எள், புளி. திரும்பச் சேர்க்க வேண்டிய ஆறாவது வாரம் வந்தபோது நான் எதையும் சேர்க்கவில்லை, இன்னும் எதை எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தட்டில் மிஞ்சியது வெள்ளைப் பூசணி, புடலை, கீரை, தேங்காய், வாழைப்பழம். சுடிதார் தோளில் நிற்கவில்லை. வலி மட்டும் அரை மணி நேரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மார்கழி இருபத்தேழாம் நாள், கூடாரவல்லி அன்று காலை மாடி வீட்டு மாமி தொன்னையில் அக்காரவடிசல் கொண்டுவந்தாள். நெய் வாசனை வாசலிலேயே நின்றது.

"மாமி, எனக்கு வேணாம். பால், அரிசி ரெண்டுமே ஆகாது."

"பெருமாளுக்கு அமுது பண்ணினதுடீ. இது சாப்பாட்டுல சேராது. ஒரு பருக்கை வாயில போட்டுக்கோ."

"டயட் மாமி."

"நன்னா இருக்கு போ! ரங்கநாதன் பிரசாதம் ஆகாதுன்னு சொன்ன மொத ஆள் நீதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை, அவசரமாகத் தொன்னையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் என் இடது கண் சிவந்திருந்தது.

அப்பா பார்த்துவிட்டு, "மெட்ராஸ் ஐ. தெரு பூரா இருக்கு" என்றார். மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிவந்தார். எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி கிடைத்தது. அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொன்னதற்குத்தான் இது என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். நான் நோட்டில் எழுதினேன்: "கண் சிவப்பு. பூசணி?"

மூன்று பேருக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. கண் சிவந்தால் அன்றைக்கே வரச் சொன்ன குரல் எனக்குள் எங்கோ கேட்காமல் இல்லை. போனால் மாத்திரையைப் பற்றிக் கேட்பார்கள். நாளைக்குச் சரியாகிவிடும் என்று வைத்துக்கொண்டேன்.

மெட்ராஸ் ஐ என்றால் உறுத்தும், பீளை தள்ளும். இது அப்படி இல்லை. கண்ணுக்குள்ளே ஆழத்தில் ஏதோ பல்வலி மாதிரி விண்விண்ணென்று தெறித்தது. ஜன்னல் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. இரண்டாம் நாள் ஹாலில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கிழிக்கப் போனபோது, சும்மா வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். தேதியின் பெரிய எழுத்து இருந்தது. கீழே ராகு காலம், எமகண்டம் என்று வரிசையாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. கையை எடுத்தேன், எழுத்து வந்தது. பொத்தினேன், போனது. யாரிடமும் சொல்லவில்லை. அன்று பூசணியையும் நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் போகி. அப்பா கீழே பழைய பாயையும் கிழிந்த முறத்தையும் கொளுத்திக்கொண்டிருந்தார். அம்மா வீடு முழுக்க அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருந்தாள். நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஸ்வெட்டர்கள் விழும் சத்தம். அப்புறம் கண்ணாடி பாட்டிலுக்குள் எதுவோ குலுங்கும் சத்தம்.

"என்னடி இது?"

நான் திரும்பவில்லை.

"இது ஒன்னோட மாத்திரைதானே? எத்தனை நாளா?"

"அதுல சோள மாவு இருக்கும்மா."

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டாள். "பத்தியம்னா மருந்து சாப்புடுறவங்க இருக்கறதுடி. மருந்து உள்ள வேலை செய்ய, வாயக் கட்டறது. நீ மருந்த நிறுத்திப்புட்டு யாருக்குடி பத்தியம் இருந்த? நான் யாருக்கு ஆக்கிப் போட்டேன்?"

"அம்மா, இடது கண்ணு தெரியல" என்றேன்.

ஆட்டோவில் தலைக்கு மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டினேன். துண்டுக்குள்ளும் வெளிச்சம் வந்தது. அம்மா பாட்டிலை மடியில் வைத்திருந்தாள்; ஒவ்வொரு பள்ளத்திலும் மாத்திரைகள் குலுங்கின.

கண் டாக்டர் இளைஞர். கருவிக்குப் பின்னாலிருந்து வெகுநேரம் பார்த்தார். "எத்தனை நாளா?"

"மூணு."

"முதுகு வலி இருக்கா? மாத்திரை எதாவது எடுக்கறீங்களா?"

அம்மா பாட்டிலை மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணுக்குள்ளே அழற்சி என்றும், கருமணியின் விளிம்பு பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்றும் சொன்னார். விரிய வைக்கும் சொட்டு மருந்தை விட்டு, காக்க வைத்து, மறுபடி பார்த்தார். மறுபடி விட்டார்.

"பார்வை வந்துடுங்களா டாக்டர்?" என்று கேட்டாள் அம்மா.

"ஒட்டினதுல பாதி எடம் விட்டுடுச்சு. மீதி விடுமான்னு பாக்கலாம்மா."

"அந்தக் கண்ணு?" வலது கண்ணைக் காட்டினாள்.

"அதுலயும் இது வரலாம். வராமலும் இருக்கலாம்."

பொங்கல் அன்று மணிக்கு ஒருமுறை அம்மா எனக்குச் சொட்டு மருந்து விட்டாள். அடுப்பில் பொங்கியதை நான் பார்க்கவில்லை.

பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. கருமணி மட்டும் வட்டமாக இல்லை. ஒரு பக்கம் கடித்துவைத்த மாதிரி இருக்கும். கண்ணாடியில் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். மூட்டு டாக்டரம்மா திட்டவில்லை. அவர் சொன்னபடி, மாத்திரையோடு சேர்த்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டுப் பார்த்தேன். அரிசி வந்தது, தக்காளி வந்தது, பெருங்காயம்கூட வந்தது. பால் மட்டும் உண்மையாகவே ஆகவில்லை. அவ்வளவு கூத்தில் அந்த நோட்டு சரியாகக் கண்டுபிடித்தது அது ஒன்றைத்தான்.

இப்போது அப்பா என்னிடம் காலி அட்டை கேட்பதில்லை. அம்மாவே கொடுத்தனுப்புகிறாள். காலையில் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பாள், தண்ணீர் தருவாள், நான் விழுங்கும்வரை நிற்பாள்.

"வாயத் தொற."

திறப்பேன். நாக்கைத் தூக்கிக் காட்டுவேன். அவள் எட்டிப் பார்ப்பாள். அந்த நேரத்தில் அவள் தோளுக்கு மேலே காலண்டர் தெரியும். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, இதுவரை ஒன்றும் ஆகாத வலது கண்ணால் அடிவரியைப் படிக்கிறேன். எமகண்டம் இருக்கிறது. ராகு காலம் இருக்கிறது. இன்றைக்கு இருக்கிறது.