டிவியில் வந்த டாக்டர்

மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கும் என் அப்பாவுக்குப் போன மாதம் மாரடைப்பு வந்தது. இன்று செக்கப். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கேமரா பொருத்திய ஒரு டிவி முன்னால் உட்கார வைத்தார்கள். சென்னை டாக்டர் அதில் தெரிந்தார்.

எங்களைத் தன் காரில் கூட்டி வந்த உப்பள முதலாளியும் கூடவே உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்ப எப்படி இருக்குதுங்க?" என்றார் டாக்டர்.

"நல்லா இருக்குதுங்க. நாளைக்கே வேலைக்குப் போறேன்," என்றார் அப்பா.

முதலாளி கேமரா பக்கம் குனிந்தார். "இவரு இனிமே கூடை தூக்கலாங்களா?"

"தூக்கவே கூடாது."

முதலாளி அங்கேயே அப்பாவிடம் திரும்பினார். "ஏம்பா, டாக்டரே சொல்லிட்டாரு. இனிமே நீ வராத."

"கூடை வேணாங்க. காவலுக்காவது வர்றேன்."

"அளத்துல விழுந்து செத்தீன்னா நானா பதில் சொல்றது?"

காரை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அப்பா நர்ஸிடம் கெஞ்சினார். "டாக்டரைத் திரும்பக் கூப்பிடும்மா. கொஞ்சமா தூக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு."

"லைன் கட் ஆயிடுச்சுங்க. அடுத்த மாசம் வாங்க."

அப்பா அணைந்துபோன டிவியைப் பார்த்துக் கும்பிட்டார்.

பஸ்ஸில்தான் திரும்பினோம். தொழிலாளியின் இதயத்தின் மேல் இவ்வளவு அக்கறையுள்ள முதலாளி உங்கள் ஊரிலும் உண்டா?