எலும்பு மாலை போட்ட ஏகாம்பரம்

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். திங்கட்கிழமை காலை எங்கள் கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏகாம்பரம் மறைந்த செய்தி வந்தது. கூடவே ஒரு படம்: உடம்பெல்லாம் சாம்பல், கழுத்தில் எலும்பு மாலை, கையில் கத்தி. வாழ்நாளெல்லாம் வரலாறு நடத்திய மனிதருக்கு இவர்கள் தேடி எடுத்த படம் அது. கீழே, ‘நம்ம ஊர் ஹாலிவுட் ஸ்டார்’.

அவரை அறிந்ததுபோல் நடிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எம்.ஏ. முடித்த கையோடு, பக்கத்து மலைக்கோட்டையில் வெளிநாட்டார் புதையல் படம் எடுப்பதைக் கேள்விப்பட்டுப் போனார். கதையில் கல்வெட்டைப் படித்துச் சொல்லும் உள்ளூர் அறிஞர் ஒருவர் உண்டு. அந்த வேடத்தைக் கேட்டார். அது முகத்தில் பழுப்பு மை பூசிய அவர்கள் நாட்டு நடிகருக்குப் போயிருந்தது. கல்வெட்டு படிக்கத் தெரிந்த இவருக்கு நரபலி கொடுக்கும் பூசாரி வேடம். அந்தக் காலத்துச் சாகசப் படங்களில் இதுதான் பங்கீடு: கல் நம்முடையது, அதைப் படிக்கும் அறிவு அவர்களுடையது, கூச்சல் மட்டும் நமக்கு.

உங்கள் மொழியில் ஏதாவது மந்திரம் சொல் என்றார்களாம். ஏகாம்பரம் கண்ணை உருட்டி, கத்தியை உயர்த்தி, “கலசபாக்கம்! போளூர்! சந்தவாசல்! கண்ணமங்கலம்!” என்று வேலூர் பஸ் நிற்கும் ஊர்களை முழங்கினார். வெளிநாடுகளில் ஊர் ஊராக ஜனங்கள் அதைக் கேட்டு நடுங்கியிருக்கிறார்கள்.

செங்கம் சாலையில் ஒரு காபிக் கடை மாடியில் அந்தப் படத்தை ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவருக்குப் போடுவார்கள். ஒரு மாலை நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தபோது கடைக்காரர் வந்தார். “சார், அந்த மந்திரத்த ஒரு வாட்டி சொல்லுங்க. வெள்ளக்காரங்க ஆசப்படறாங்க.”

“மொதல்ல எல்லாரையும் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க” என்றார் ஏகாம்பரம். மாடியே சிரித்தது. படியிறங்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “செங்கம் பக்கம் எத்தினி நடுகல்லு படிச்சிருக்கேன். அதப் பத்தி ஒருத்தனும் கேக்கலயே சார்.”

நாளை வேங்கிக்காலில் இரங்கல் கூட்டம். பேனரிலும் அதே எலும்பு மாலை. அவர் மனைவி என்னை அழைத்து, “அந்தப் படம் வேணாம்னு சொல்லுங்கண்ணா. பேத்தி பாத்துட்டுப் பயப்படறா” என்றார். நடுகல் ஒன்றின் எழுத்துகளை ஏகாம்பரம் விரலால் தடவிப் படிக்கும் படம் என்னிடம் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏற்பாட்டாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரோ வெயில்ல கல்லுகிட்ட குந்தினு இருக்காரு. இத வெச்சா யாரு சார் வருவாங்க? உங்களுக்கு அவர் மேல எப்பவுமே பொறாமை ஜாஸ்தி.”

மை பூசி நம்மைக் காட்டியவர்களையாவது விட்டுவிடலாம். அவர்களுக்கு நம்மைத் தெரியாது. அவரோடு தினமும் டீ குடித்தவர்களை என்ன செய்வது?

என்னிடம் மிஞ்சியவை அந்தப் படமும், வேலூர் பஸ் கிளம்பும்போதெல்லாம் காதில் விழும் அவர் குரலும்தான். குரலை நான் வைத்துக்கொள்கிறேன். படத்தை இந்த எழுத்தோடு அச்சடித்து, விடிவதற்குள் பேருந்து நிலையத்திலும் கூட்டம் நடக்கும் மண்டப வாசலிலும் ஒட்டிவிடுவேன். அஞ்சலிச் சுவரொட்டியில் செத்தவர் பெயரைவிட ஒட்டியவர்கள் பெயரைப் பெரிதாகப் போடுவது நம் ஊர் வழக்கம். அந்தச் சினிமாவின் முடிவில் குதிரைக்குத் தீனி வைத்தவர் பெயர்கூட ஓடும்; ஏகாம்பரத்தின் பெயர் வராது. இந்தச் சுவரொட்டியில் அவர் பெயர் மட்டும் இருக்கட்டும். என் பெயரைப் போடப்போவதில்லை.