மரத்தில் கட்டிய பெட்டியும் என் முதுகும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ஹென்றிக்கின் கராஜுக்குள் ஐந்து டேனிஷ்காரர்கள் கோப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து என் படம் பார்த்தார்கள்.

படத்தில் முகம் இல்லை. முதுகு இருந்தது. பச்சைத் தொப்பி இருந்தது. முன்னால் ஒரு மரம் இருந்தது. அந்த மரத்துக்கு நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்...

முகம் தெரியாவிட்டால் என்ன? எங்கள் வேட்டைக் குழுவில் அந்த உயரத்தில் ஒருவன்தான் உண்டு. கராஜ் குலுங்கியது. நானும் சேர்ந்து சிரித்தேன் – வேறு வழி?

நீங்கள் சிரிப்பதும் கேட்கிறது. இவன் எப்போது வேட்டைக்காரன் ஆனான் என்றுதானே? டென்மார்க்கில், ஜூட்லாந்துப் பக்கம், கிரின்ஸ்டெட் போன்ற சின்ன ஊரில் சனி ஞாயிறில் ஒரு மனிதன் என்னதான் செய்வது? பஸ்ஸைக்கூட வேடிக்கை பார்க்க முடியாது, அதுவும் அரிதாகத்தான் வரும். தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் நிற்கும் ஹென்றிக், வேட்டை லைசென்ஸ் எடு என்று இழுத்துவிட்டான். வாத்துகளின் டேனிஷ் பெயர்களைப் பாடமாக்கி, ஒருதரம் கோட்டைவிட்டு, அடுத்த தரம் எடுத்தேன். சுட்டு இதுவரை எதுவும் விழவில்லை. என் துவக்குச் சத்தம் கேட்டால் மான்கள் ஓடுவதில்லையாம், நேரம் பார்த்துக்கொள்ளுமாம். இது ஹென்றிக் பரப்பிய கதை.

என் மனைவியின் கட்சி வேறு. “இஞ்சாருங்கோ, இறைச்சி வேணுமெண்டா கடைக்குப் போங்கோ. நடக்கவேணுமெண்டா காட்டுக்குப் போங்கோ. ரெண்டையும் ஏன் குழப்புறியள்?”

விஷயத்துக்கு வருகிறேன். காட்டுக் கமரா என்று ஒன்று இருக்கிறது. கையடக்கமான பச்சைப் பெட்டி. பட்டியால் மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். முன்னால் ஏதாவது அசைந்தால் தானாகப் படம் எடுக்கும். எந்தக் கிடா மான் எந்தப் பாதையால், எத்தனை மணிக்கு வருகிறது எல்லாம் உள்ளே மெமரி காட் ஒன்றில் பதிந்திருக்கும். முன்பு வேட்டைக்காரன் அடிச்சுவடு பார்த்தான், காற்றுப் பார்த்தான். இப்போது பற்றரி மாற்றுகிறான்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஐனர். கமரா என்றாலே அவருக்குப் பிடிக்காது. முகம் தெரிந்து, நேரம் தெரிந்து போனால் அது வேட்டை இல்லை, பல் டொக்டரிடம் போவது மாதிரி என்பார். ஹென்றிக் விடுவானா? மே நடுவில் கிடா மான் வேட்டை தொடங்கும். அதற்கு முன்பே பெரிய கொம்புள்ள ஒரு கிடாவைக் கமராவில் பார்த்துப் பழகி, அதற்குப் பேரும் வைத்துவிட்டான். ‘டிரெக்டர்.’ எங்கள் மேலாளரைப் போலவே, எல்லாரும் போன பிறகுதான் வருமாம்.

அந்த நேரம் பார்த்துக் கமரா களவு போனது.

ஹென்றிக் கொதித்துப்போனான். டென்மார்க்கில் வேட்டைக்காரனின் பெண்சாதியைப் பற்றிக்கூட நீங்கள் பகிடி விடலாம், கமராவில் கை வைக்கக் கூடாது. அதே மரத்தில் புதுக் கமரா கட்டினான். அதைக் காவல் காக்க எதிர் மரத்தில், உயரத்தில், இன்னொன்று ஒளித்தான். கமராவைப் பார்க்க ஒரு கமரா! அதை யார் பார்ப்பது என்று நான் கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டாவதும் போனது. ஆனால் மேலே இருந்தது தப்பியது. அதன் மெமரி காட்டைத்தான் அந்தச் சனிக்கிழமை கராஜில் போட்டுப் பார்த்தோம்.

முதலில் ஒரு நரி. பிறகு நான். சிரிப்பு அடங்கும் முன் வந்தான் கள்ளன்.

தொப்பி ஜாக்கெட், தலை மூடியிருந்தது. பாதையில் நடந்து வருகிறான். கமரா கட்டிய மரத்தைக் கண்டதும் நிற்கிறான். அடுத்த படத்தில் பின்னுக்குப் போகிறான். அடுத்ததில் நிலத்தில் கிடக்கிறான். ஒரு கல் எறிகிறான். புல்லுக்குள் ஊர்ந்து, மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போகிறான். பின்னால் இருந்து கை மட்டும் வந்து பட்டியை அறுக்கிறது. கடைசிப் படத்தில் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தபடி, பிறந்த பிள்ளையைக் கொண்டுபோவது போல் மெல்ல நடக்கிறான்.

இப்படி ஒரு கள்ளனை அவர்கள் கண்டதே இல்லை. ஒருவர் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்... பாதிச் சிரிப்பில் ஜாக்கெட்டைப் பார்த்தேன். முதுகில் வெள்ளிக் கோடு. எங்கள் தொழிற்சாலை ஜாக்கெட். இடது கையில் என் மனைவி நீல நூலால் போட்ட தையல்.

அது என் ஜாக்கெட். இப்போது அதைப் போடுவது தவம்.

தவம் என் மனைவியின் தம்பி. வன்னியில் அம்புலன்ஸ் ஓட்டியவன். போன வருடம் எப்படியோ இங்கே வந்து சேர்ந்தான். பெண்சாதியும் மகளும் அங்கேயே மாட்டுப்பட்டுவிட்டார்கள். மாசிக்குப் பிறகு அவர்களின் குரல் இல்லை. அவர்களைக் கூப்பிட இங்கே மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். வன்னியில் கடைசிச் சண்டை நடந்த அந்தக் கிழமை எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ரீவியும் ரெலிபோனும்தான். நான் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தது தாங்காமல் என்னைக் கராஜுக்குத் துரத்தியதே மனைவிதான்.

ஹென்றிக்கும் வெள்ளிக் கோட்டைக் கண்டுவிட்டான். ஆள் நம்முடைய தொழிற்சாலைதான், திங்கள் காலை படங்களோடு பொலிசுக்குப் போகிறேன் என்றான்.

களவுக் கேஸ். மனு. இரண்டும் ஒரே பெயரில். எனக்கு அன்றைக்குப் பகிடி எதுவும் வரவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

வீட்டில் தவம் ரீவிக்கு முன்னால் இருந்தான். சத்தம் குறைத்திருந்தது. மடியில் ரெலிபோன். மரத்தில் கட்டியிருந்த பெட்டியை நீ எடுத்தாயா என்று கேட்டேன். மறுப்பான் என்றுதான் நினைத்தேன்.

“ஓம் அத்தான். ரெண்டு. கானுக்குள்ளை, வாய்க்கால் தண்ணியிலை தாட்டுப்போட்டன்.”

“ஏன்ரா?”

“சின்னப்பிள்ளையள் மஞ்சள் சட்டையோடை போற பாதையெல்லே அது.”

எங்கள் காட்டோரத்தில் ஒரு பாலர் பாடசாலை இருக்கிறது. மழையென்ன, குளிரென்ன, பிள்ளைகளைக் கயிறு பிடிக்கவைத்து அந்தப் பாதையால் கூட்டிப் போவார்கள். அதற்கும் பெட்டிக்கும் என்ன? ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கமராவைக் கையில் வைத்திருந்தபோது எனக்குத் தோன்றாத ஒன்று. பச்சைப் பெட்டி. மரத்தில், இடுப்பு உயரத்தில். பாதையைப் பார்த்தபடி.

கிளைமோர். பாதையோரத்தில் மறைத்துக் கட்டும் கண்ணிவெடி.

“டென்மார்க்கிலை ஆரடா கிளைமோர் வைப்பான்?”

“அம்புலன்சுக்கு ஆர் வைப்பான் எண்டுதான் அங்கையும் கேட்டனாங்கள்.” ரீவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எனக்கு முன்னாலை போன அம்புலன்ஸ் அண்டைக்குத் திரும்பி வரேல்லை.”

ஒருவரிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். எந்தப் பாஷையில் என்று கேட்டான். சொன்னாலும், இது குண்டு என்று உனக்கு எப்படித் தெரியும் என்றுதானே முதலில் கேட்பார்கள்? முதலாவதைத் தண்ணீரில் போட்ட பிறகு அதே மரத்தில் இரண்டாவதைக் கண்டானாம். அதோடு அவனுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அதன் பிறகு தினமும் போய் அந்த மரத்தைப் பார்த்து வருகிறானாம்.

நாங்கள் நினைத்தோம், காற்று வாங்கப் போகிறான் என்று.

அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே கராஜுக்குப் போனேன். எல்லாரும் இன்னும் இருந்தார்கள். ஜாக்கெட்டைக் கண்டதும் சத்தம் நின்றது. நான் டேனிஷில் சொன்னேன். என் டேனிஷ் வாத்துப் பெயர்களுக்குத்தான் பரவாயில்லை. இதற்குக் காணாது. கையால் பெட்டி காட்டி, மரம் காட்டி, பாதை காட்டி, பிள்ளைகளின் உயரம் காட்டி... ஹென்றிக் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டான். நம்பினானா? தெரியவில்லை.

ஐனர்தான் முதலில் வாய் திறந்தார். அவர் மேற்குக் கரையோரம் பிறந்தவர். ஜேர்மன்காரர் மணலில் புதைத்த கண்ணிவெடிக்காக அங்கே கட்டிய எச்சரிக்கைப் பலகை இன்றைக்கும் நிற்கிறது. அந்த உலக யுத்தம் முடியும்போது தான் தொட்டிலில் கிடந்ததாகவும், இப்போது தன் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த மணலில் கால் வைக்கக் கூடாது என்றுதான் சொல்லுவதாகவும் சொன்னார். அவ்வளவுதான். எழும்பிப் போய்த் தவத்துக்கு ஒரு கோப்பி ஊற்றினார்.

ஹென்றிக் நீண்ட ரப்பர் காலணியைப் போட்டுக்கொண்டு கானுக்குப் போனான். இரண்டு பெட்டியும் கிடைத்தன. கமராக்கள் செத்திருந்தன, இரண்டாவதின் மெமரி காட் பிழைத்திருந்தது. துடைத்து, கொம்பியூட்டரில் போட்டான்.

இம்முறை கள்ளனை முன்னால் இருந்து பார்த்தோம். பெட்டி பார்த்த கோணம். தவத்தின் முகம் – முதல் படத்தில் தூரத்தில், பிறகு புல் மட்டத்தில், கடைசியில், பெட்டியைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தபோது, திரை நிறைய. உதடு அசைந்துகொண்டிருந்தது தெரிந்தது. வெடித்தால் இந்த முகம்தான் முதலில் போகும் என்று தெரிந்த ஒருவனின் முகம்.

ஹென்றிக் கொம்பியூட்டரை மூடினான். பொலிஸ் என்ற சொல் அதற்குப் பிறகு அங்கே வரவில்லை. ஹென்றிக்கின் சின்ன மகளும் அந்த மஞ்சள் சட்டைக் கயிற்றில் ஒருத்தி என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கமரா நல்ல சாமான்தான். யார் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எல்லாம் சொல்லும். ஏன் வந்தது என்று மட்டும் சொல்லாது. அதை நாங்கள்தான் போய்க் கேட்கவேண்டியிருக்கிறது.

அடுத்த நாட்களில் அங்கே யுத்தம் முடிந்துவிட்டது என்று ரீவி சொன்னது. தவம் ரீவியை நிறுத்தினான். ரெலிபோனை நிறுத்தவில்லை.

ஹென்றிக் மீண்டும் கமரா கட்டினான். இம்முறை, பக்கத்தில் ஒட்டத் தமிழில் ஓர் அறிவித்தல் எழுதித் தா என்று கேட்டான். சின்ன மட்டையில் அழகாக எழுதினேன்: ‘இது கமரா. வெடிக்காது.’ தவம் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

“அத்தான், பெரிசா எழுதுங்கோ. கிட்ட வந்து வாசிக்கிறதுக்கு ஆர் நிப்பான்?”

அதனால் இப்போது ஜூட்லாந்துக் காடொன்றில் கதவளவு பலகையில் தமிழ் நிற்கிறது. டிரெக்டர் அந்தப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்த மான் என்கிறார் ஐனர். அவருக்குப் பரம சந்தோஷம்.

இந்தக் கிழமை செய்தி வந்தது. தவத்தின் பெண்சாதியும் மகளும் உயிரோடு இருக்கிறார்கள், வவுனியாவில் முட்கம்பி முகாமுக்குள். உறவுக்காரர் ஒருவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். மகள் கேட்டது ஒன்றுதான்: அப்பாவின் படம். அவளிடம் இருந்தது வழியில் எங்கோ போய்விட்டதாம்.

தவம் தலைமயிரை வாரி இழுத்து, ஜாக்கெட் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனான். அதே மரம். ஹென்றிக்கின் புதுக் கமரா. முன்னால் நிமிர்ந்து நின்றான். துணைக்கு நானும் போயிருந்தேன். ஹென்றிக் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து தந்தான். நல்ல படம். தவம் சிரித்து நான் கண்ட முதல் படம்.

பின்னால், தூரத்தில், ஒரு மரத்தடியில் பச்சைத் தொப்பியோடு ஒரு முதுகு.

வேறு படம் எடுப்போம் என்று கெஞ்சிப் பார்த்தேன். தவம் கேட்கவில்லை. “இதைத்தான் அனுப்பப்போறன் அத்தான். பிள்ளை சிரிக்கட்டும்.”

முட்கம்பி வேலியைத் தாண்டி முதலில் போய்ச் சேரப்போவது என் முதுகுதான்!